ஜெட்டி ஏணி முறிந்து தம்பியின் கால் உடைந்தது: பொறுப்பு யாருடையது?

கேள்வி: கீழக்கரைப் பக்கத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கரையில் ஃபைபர் படகு ஒன்று வைத்துத் தூண்டில் தொழில் செய்கிறான். படகைக் கரையில் ஏற்றி இறக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், விடுதி நடத்தும் ஒருவர் தம் இடத்தை ஒட்டிக் கட்டியுள்ள ஜெட்டியில் இரண்டு ஆண்டுகளாக மாதம் 1,500 ரூபாய் கொடுத்துப் படகைக் கட்டி வருகிறான். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் மட்டும் மாதந்தோறும் செல்பேசி வழியாகப் போய்விடும்.

பங்குனி இரண்டாம் வாரத்தில், இரவுத் தொழில் முடித்து விடியுமுன் ஜெட்டிக்குத் திரும்பியவன், மீன் பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டு இரும்பு ஏணியில் ஏறியபோது, மூன்றாம் படி பற்றவைத்த இடத்தோடு பிய்ந்து வந்துவிட்டது. படகுக்கும் கான்கிரீட் தூணுக்கும் நடுவில் அவன் விழுந்த அதே நேரத்தில் வேறொரு படகு கடந்து போன அலையில் எங்கள் படகு உருண்டு வந்து தூணோடு அவனுடைய காலை நெரித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஜெட்டி உரிமையாளர் மருத்துவமனைக்கு வந்து பார்த்து 5,000 ரூபாய் கொடுத்தார். அதற்கு மேல் தமக்குப் பொறுப்பில்லை என்றும், 'படகுகளைக் கட்டுவோர் தம் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்த வேண்டும்' என்று பலகை வைத்திருப்பதாகவும், கடல் தம்முடைய சொத்து இல்லை என்பதால் அலைக்குத் தாம் பதில் சொல்ல முடியாது என்றும் கூறிவிட்டார். மறுநாளே பழைய ஏணியை அறுத்தெடுத்துப் புதிய ஏணி வைத்துவிட்டார்கள். ஏணி ஆடுகிறது என்று மாசி மாதத்திலேயே காவலாளியிடம் சொன்னதாகத் தம்பி சொல்கிறான். விளக்கும் அன்று எரியவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. இதில் அவர் சொல்வதுதான் சட்டமா? இணையத்தில் தேடினால் அமெரிக்க வழக்கறிஞர்கள் எழுதியவையே வருகின்றன. இங்கே என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: வழக்கறிஞர், ராமநாதபுரம்

உங்கள் தம்பி விரைவில் நலம்பெற வேண்டும். உரிமையாளர் சொல்வது சட்டம் இல்லை. ஆனால் அவர் சொல்வதில் எந்தப் பகுதி எவ்வளவு எடைபெறும் என்று பிரித்துப் பார்த்தால்தான் நீங்கள் எங்கே வலுவாக நிற்கிறீர்கள் என்பது புரியும்.

இடத்தைத் தம் பிடியில் வைத்திருப்பவர் அங்கே வருவோருக்கு என்ன கடமைப்பட்டவர் என்பதைச் சொல்லும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் நீதிமன்றங்கள், தீர்ப்புகளின் வழியே உருவான பழைய பொதுச்சட்ட நெறிகளின்படியே தீர்ப்பளித்து வருகின்றன. காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் தம் இடத்தைப் பயன்படுத்த அனுமதிப்பவர், அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவில் இடம் பாதுகாப்பாக இருக்கும்படி நியாயமான கவனம் எடுத்தாக வேண்டும் என்பதே அந்த நெறிகளின் சாரம். மாதம் 1,500 ரூபாய் என்பது சிறிய தொகையாக இருக்கலாம். ஆனால் அதை வாங்கிய நாள்முதல் உங்கள் தம்பி அவருக்கு வழிப்போக்கர் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பணம் போன பதிவுகள் வங்கிக் கணக்கில் இருக்கின்றன; அவையே ஒப்பந்தத்துக்குச் சான்று.

'கடல் என் சொத்து இல்லை' என்ற வாதம் புதியதன்று. இங்கிலாந்தின் தேம்சு ஆற்றில் மூர்காக் என்ற கப்பல் ஒரு துறையில் கட்டப்பட்டிருந்தபோது, நீர் வற்றிய நேரத்தில் அடியில் இருந்த கடினத் திட்டில் உட்கார்ந்து சேதமடைந்தது. ஆற்றுப்படுகை தங்களுடையது அன்று என்றே அந்தத் துறை உரிமையாளர்களும் வாதிட்டார்கள். கப்பல் அங்கே தரைதட்டும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நிலையில், படுகை அதற்கு ஏற்றதா என்று பார்த்தறியும் பொறுப்பு துறைக்காரர்களுக்கு உண்டு என்பதும் அது ஒப்பந்தத்தில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்பதும் 1889ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நம் ஒப்பந்தச் சட்ட வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. தம்முடையது அல்லாத ஆற்றுப்படுகைக்கே அந்த அளவு பொறுப்பு உண்டென்றால், தாமே வாங்கித் தாமே பொருத்திய ஏணிக்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

'ஏணி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உள்ளே இற்றிருந்தது எனக்குத் தெரியாது' என்று அவர் பின்னர் சொல்லக்கூடும். டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு சரிந்து விழுந்து உயிர்கள் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966இல் தந்த தீர்ப்பு அப்போது உங்களுக்கு உதவும். அந்தக் கூண்டு சுமார் 80 ஆண்டுப் பழமையானது. அவ்வகைக் கட்டடத்துக்கு 40 முதல் 45 ஆண்டுகளே ஆயுள் என்று சாட்சியம் வந்தது. வெளிப்பார்வைக்குக் குறை தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுச்சாலையை ஒட்டிய கட்டடம் பற்றிய தீர்ப்பு என்பதால் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் உரிமையாளர் ஆய்வு செய்ய வேண்டியவர் என்பதற்கும், சாதாரணமாக விழக்கூடாத ஒன்று விழுந்தால் விளக்கம் தர வேண்டியவர் அவரே என்பதற்கும் அது வலுவான துணை.

பலகையைப் பொறுத்தவரை, ஆபத்து இருக்கலாம் என்று பொதுவாக அறிவிப்பது வேறு, இந்த ஏணியின் மூன்றாம் படி இற்றிருக்கிறது என்று சொல்லி அதை யாரும் பயன்படுத்தாதபடி அடைத்து வைப்பது வேறு. ஓர் ஆபத்தைத் தெரிந்திருப்பதும் அதன் விளைவை ஏற்றுக்கொள்ள உடன்படுவதும் ஒன்றாகா. வேறு ஏணி இல்லாத இடத்தில், படகிலிருந்து கரையேற வேண்டியவன் எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? நியாயமற்ற ஒப்பந்த விதிகளை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கேள்விக்குள்ளாக்குகிறது.

உங்கள் வழக்கின் உயிர்நிலை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. மாசி மாதத்திலேயே காவலாளியிடம் சொன்னது உண்மையானால், உரிமையாளர் அறியாமல் நடந்தது என்ற வாதம் அடிபட்டுப்போகும். வாயால் சொன்னதா, செய்தியாக அனுப்பியதா, உடன் யார் இருந்தார்கள் என்பதை இன்றே தம்பியிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அதே செய்தி தம்பிக்கு எதிராகவும் திரும்பும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆடுகிறது என்று தெரிந்தும் இருட்டில் ஏறினாரே என்று எதிர்த்தரப்பு கேட்கும். நீதிமன்றம் அவர் பங்குக்கென ஒரு பகுதி இழப்பீட்டைக் குறைக்கவும் கூடும். பங்குக் கவனக்குறைவு என்று அதைச் சொல்வார்கள். குறைப்பார்களே தவிர, கோரிக்கை முழுதும் விழுந்துவிடாது.

வழிகளைச் சொல்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. தம்பி படகை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறார், ஆகவே நுகர்வோர் அல்லர் என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்குச் சட்டம் விலக்களிக்கிறது. ஆனால் அந்த விளக்கம் பொருட்களைக் குறித்தே எழுதப்பட்டிருப்பதால், சேவைக்கும் பொருந்தும் என்று வாதிட்டுப் பெற வேண்டியிருக்கும். இந்த இடறலை விரும்பாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போடலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் என்பதால், பிறர் பாதுகாப்புக்குக் கேடு தரும் கவனக்குறைவுக்கான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவின் கீழ்க் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். அதில் இழப்பீட்டைக் கேட்பதோடு, அறுத்தெடுத்த பழைய ஏணியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். புதிய ஏணி வைத்தது குற்றமன்று, நல்லதே. பழையது காயலான் கடைக்குப் போய்விட்டால்தான் நமக்கு இழப்பு.

அமெரிக்கப் பக்கங்களைப் பற்றி ஒரு சொல். அங்கே கப்பற்சட்டம் தனி, மாநிலச் சட்டங்கள் தனி, காப்பீட்டு முறையும் வேறு. அவற்றில் கவனக்குறைவு பற்றிச் சொல்லும் அடிப்படைக் கருத்து நமக்கும் உறவானதே. ஆனால் காலக்கெடு, தொகை, எந்த நீதிமன்றம் என்பவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர், துறைமுகக் கட்டுமானம்

வழக்கறிஞர் பழைய ஏணியைப் பற்றிச் சொன்னதை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முறிந்த இரும்புக்குப் படிக்கத் தெரிந்தவர் முன்னால் பொய் சொல்லத் தெரியாது. பற்றவைத்த இடம் பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டிருந்தால், முறிவு முகத்தில் பழைய விரிசல் இருந்த பகுதி கருமையும் பழுப்புமாகத் துருவேறியும், கடைசியாக அன்று அறுந்த பகுதி வெளிர்ந்தும் இருக்கும். இந்த வேறுபாடு உப்புக்காற்றில் சில நாட்களிலேயே மங்கிவிடும். ஆகவே விபத்தன்று யாராவது செல்பேசியில் படம் எடுத்திருந்தால், அதைச் சுருக்காமல் மூலக்கோப்பாகவே பாதுகாத்து வையுங்கள். ஏணி கிடைத்தால், மங்கிய முகத்திலும் தகட்டின் தடிமன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்து காட்டலாம்.

மண்டபம், பாம்பன் கரையை இரும்புக்குக் கொடிய இடம் என்று எங்கள் துறையில் எல்லோரும் அறிவார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்ததே அந்தக் காரணத்தால்தான். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியைவிட, அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் பகுதியில்தான் அரிப்பு மிக வேகமாக நடக்கும். நம் ஜெட்டி ஏணிகளில் மனிதன் முதல் காலை வைக்கும் படிகள் சரியாக அந்தப் பகுதியிலேயே அமைந்திருக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது பெயின்ட் பளபளக்கும். படியின் பின்புறம், பற்றவைப்பின் அடியில், உப்புநீர் தேங்கி உள்ளே தின்றுகொண்டிருக்கும். ஆகவே ஏணியைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது ஆய்வு ஆகாது. படகில் நின்று ஒவ்வொரு படியையும் சுத்தியலால் தட்ட வேண்டும், பின்பக்கம் விரலால் தடவ வேண்டும், ஓர் ஆளின் எடைக்கு மேலான சுமையைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலை அது.

கான்கிரீட்டுக்கும் இதே கதிதான். உள்ளே இருக்கும் கம்பியை உப்பு எட்டியதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் உள்ளிருந்து நெருக்கி மேற்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. விளிம்பு உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஜெட்டியை நம் கரையில் எத்தனை பேர் அன்றாடம் தாண்டிப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டுமானம் புதியது என்பதும் காப்பு ஆகாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சப்பேலோ தீவுப் படகுத்துறையின் அலுமினிய நடைபாலம் 2021இல் அமைக்கப்பட்டதுதான். 2024 அக்டோபர் 19 அன்று ஒரு விழாவுக்கு வந்தவர்கள் அதன்மேல் நின்றிருந்தபோது முறிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

உங்கள் நிகழ்வில் என் கண்ணில் படும் இன்னொரு குறை, படகுக்கும் தூணுக்கும் நடுவில் டயர் போன்ற அணைப்பு எதுவும் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை என்பது. தூணில் முறையாக டயர்கள் தொங்கியிருந்தால் படகு உருண்டு வந்திருந்தாலும் காலுக்கு ஒதுங்க இடம் கிடைத்திருக்கக்கூடும். ஏணி, நீர் மிகவும் வற்றியிருக்கும்போதுள்ள மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் விழுந்தவன் தானே ஏறி வர முடியாது. மேலே கைப்பிடி, எரியும் விளக்கு, கயிறு கட்டிய மிதவை வளையம் ஆகியவை இருந்தனவா என்பதையும் தம்பியின் நினைவு மங்குவதற்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

தம்பிக்கு நேர்ந்ததைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டொன்றைச் சொல்கிறேன்.

பங்குனியில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, குளம்போல் கிடக்கும் என்பது நம் கரையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிய பிறகுதான் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும். ஆகவே அலையைக் காரணம் காட்டுபவரிடம் எந்த அலை என்று கேளுங்கள். சில ஆண்டுகளில் பங்குனி, சித்திரையிலும் உள்ளூரில் காற்றே இல்லாமல், தொலைவிலிருந்து வரும் பேரலையான கள்ளக்கடல் ஏறும் என்பது உண்மை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அன்று நம் மாவட்டத்துக்கு அப்படி எச்சரிக்கை இருந்ததா என்று தேடி எடுத்து வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வருமான இழப்பைக் கணக்கிடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்ற மாதங்களில் விசைப்படகு மீனோடு போட்டி போடும் தூண்டில்காரனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அதுதான். தம்பி படுத்திருப்பது சரியாக அந்தக் காலத்தில். சராசரி மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அவனுக்கு அநியாயம். சென்ற ஆண்டு அதே மாதங்களில் மீன் வாங்கியவரிடம் போட்ட கணக்குச் சிட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், வழக்கு எப்படிப் போனாலும், பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டுக்குச் சங்கம் வழியாக உடனே விண்ணப்பியுங்கள். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை என்பது அதன் அளவு. கடலில் விழுந்தால்தான் விபத்து, ஜெட்டியில் விழுந்தால் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி: சிறு ஜெட்டி வைத்திருப்பவர், தொண்டிப் பக்கம்

நானும் பதினான்கு படகுகள் கட்டும் ஒரு ஜெட்டியை நடத்துகிறேன். எதிர்த்தரப்பில் இருப்பவன் என்றாலும், இங்கே எழுதப்பட்டவற்றை மறுக்க எனக்கு மனமில்லை. சொந்தப் பொறுப்பு என்ற பலகை என் இடத்திலும் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு பெரியவர் படியில் வழுக்கித் தலையில் அடிபட்ட பிறகு, அந்தப் பலகை எவரையும் காப்பாற்றவில்லை என்பதை நான் உணர்ந்து, அதை எடுத்துவிட்டுப் பாசியைச் சுரண்ட வாரம் ஒரு நாள் ஆள் வைத்தேன். இடத்துக்கு வரும் வெளியாருக்கு நேரும் காயத்துக்கு ஈடுகட்டக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பொதுப்பொறுப்புக் காப்பீட்டை எடுத்தேன். உங்கள் உரிமையாளரிடம் அத்தகைய காப்பீடு இருக்கிறதா என்று அறிவிப்பிலேயே கேளுங்கள். இருந்தால் அவருக்கும் உங்களுக்கும் இடையில் இவ்வளவு கசப்பு வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு வருத்தம் உண்டு. டீசலைச் சிந்திவிட்டுச் சொல்லாமல் போவதும், ஆள் நடக்கும் வழியில் கயிற்றை நீட்டிக் கிடத்துவதும், மீன் கழிவைப் படியிலேயே கொட்டுவதும் படகுக்காரர்களே. ஒருவர் செய்ததில் மற்றொருவர் வழுக்கி விழும்போது பழி எங்கள்மேல் வருகிறது. என் இடத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. குறையைப் பார்த்தவர் தேதியிட்டு எழுத வேண்டும், நான் சரிசெய்த தேதியை அதன் எதிரே எழுத வேண்டும். எழுதுவதற்குத் தயங்கியவர்கள் இப்போது தாமாகவே எழுதுகிறார்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எழுதிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி தம்பியிடம் உட்கார்ந்து பேசினேன். காவலாளியிடம் அவன் வாயால் சொன்னது மட்டுமன்றி, மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலையில் ஏணியைப் பற்றி அவருக்குக் குரல்செய்தியும் அனுப்பியிருக்கிறான். 'மூணாவது படி ஆடுது, பாத்துக்கங்க' என்று அவன் குரல் தெளிவாகக் கேட்கிறது. அதற்குக் காவலாளி 'முதலாளிகிட்ட சொல்லிட்டேன்' என்று பதில் அனுப்பியிருக்கிறார். செல்பேசியை இனி யாரும் மாற்றவோ அழிக்கவோ கூடாது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

விபத்தன்று உடன் வந்த பையன் எடுத்த இரண்டு படங்களும் கிடைத்தன. ஒன்றில் முறிந்த இடம் அருகில் தெரிகிறது. பொறியாளர் ஐயா சொன்னதுபோல் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளிர்ந்தும் இருப்பதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. தூணில் டயர் இல்லை என்பதும் அதே படத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை ராமநாதபுரம் போய் அறிவிப்பை எழுதப் போகிறோம். சங்கத்தில் காப்பீட்டு விண்ணப்பத்தை நேற்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிவிட்டேன்.

காவலாளி ஐந்தாயிரம் ரூபாய்ச் சம்பளக்காரர். இதில் அவருடைய வேலை போய்விடுமோ என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவர் தம் கடமையைச் செய்தார் என்பதை அறிவிப்பிலேயே எழுத முடியுமா என்று மட்டும் வழக்கறிஞர் ஐயா சொல்ல வேண்டும்.

மறுமொழி: வழக்கறிஞர், ராமநாதபுரம்

எழுதலாம், எழுதவும் வேண்டும். குறையைக் கேட்ட உடனே உரிய இடத்தில் தெரிவித்தார் என்று தேதியோடு குறிப்பிடுங்கள். அது அவருக்கும் நியாயம், உங்கள் வழக்குக்கும் அதுவே பலம். குரல்செய்தி இருக்கும் செல்பேசியையும், அதை மின்னணுச் சான்றாகத் தாக்கல் செய்வதற்குத் தேவையான சான்றிதழில் கையொப்பமிடத் தம்பியையும் திங்கட்கிழமை தயாராக வைத்திருங்கள். அவர் நடக்க முடியாத நிலையில் இருந்தால் நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.